உடைந்த பெட்டி ஒரு டஜன்

சிட்னி விமான நிலையத்தில் முதலில் பறிபோனது என் கறிவேப்பிலை.

கிளம்பும்போதே ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்லி அனுப்பியிருந்தார்கள். "சாப்பாட்டுச் சாமான் இருக்குதான்னு கேட்டா இல்லைன்னு சொல்லிருங்க. துணிக்கு நடுவுல இருந்தா யாரு பார்க்கப் போறா?" என்றாள் நாத்தனார். எனக்குப் பொய் சொல்லக் கூச்சமில்லை, பயம்தான். அதனால் பருப்புப் பொடி, நார்த்தங்காய், முறுக்கு, கறிவேப்பிலை என்று இருந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சீருடை போட்ட அதிகாரியம்மாள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பருப்புப் பொடியை முகர்ந்து ஒரு தும்மல் போட்டார். இலையை மட்டும் குப்பையில் எறிந்துவிட்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்து, "மறைக்காமல் சொன்னதற்கு நன்றி" என்று வேறு சொன்னார். பக்கத்து வரிசையில், எங்கள் விமானத்தில் வந்த ஒருவரின் பெட்டியிலிருந்து முழுத் தேங்காய் ஒன்று உருண்டு வெளியே வந்தது. அவர் அதை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்ப்பவர் போல நின்றார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. கோவையில் நானும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பெட்டி செய்கிறோம். கிணற்று மோட்டாருக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டுகிற பெட்டி. தண்ணீர் வற்றினாலோ, கரண்ட் கோளாறாக வந்தாலோ, மோட்டாரைத் தானே நிறுத்திவிட்டு விவசாயியின் செல்போனுக்குச் செய்தி அனுப்பும். இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினேன். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் நிறையவே மாட்டியிருக்கிறோம். கேட்டால் எல்லோரும் புகழ்கிறார்கள். ஆனால் வாங்கினவர் மறுபடி வாங்குவதில்லை. ஏன் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. இந்தப் பயணத்தில் ஒரு வழி பிறக்காவிட்டால் பெட்டி செய்கிற ஷெட்டைப் பூட்டிவிட்டுப் பழைய கம்பெனி வாசலில் போய் நிற்பது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம்.

அந்த வழியைக் காட்டியவர் ரெகுலா என்ற சுவிஸ் பெண். மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி செய்கிற சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர். ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களில் அதைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். ஈரம் குறையும்போது மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் அவருக்கு ஒரு பெட்டி வேண்டியிருந்தது. கோவைக் கண்காட்சி ஒன்றில் எங்களுடையதைப் பார்த்தவர், "சிட்னியில் எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள். எங்களுக்குப் பணம் போட்டிருக்கும் உர்ஸும் வருகிறார். அவர் சரி என்றால் தோட்டத்தில் வைத்துப் பார்ப்போம்" என்று எழுதினார். ஆஸ்திரேலியாவில் கிளை போட வந்திருக்கும் சுவிஸ் தொழில்முனைவோர் கூடும் கூட்டம் அது. அந்த "சரி" என்ற ஒரு சொல்லை வாங்கத்தான் கடல் தாண்டினேன்.

முதல் நாள் காலையிலேயே சொதப்பினேன். கூட்டம் நடக்கும் இடத்துக்குப் படகில் போக வேண்டும். காந்திபுரம் பேருந்து நிலையத்தில் பழகிய பழக்கம், கூட்டம் ஏறுகிற பக்கம் நானும் ஏறிவிட்டேன். அலைச்சறுக்குப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நடுக் கடலில்தான் படகு கடற்கரைக்குப் போகிறது என்று தெரிந்தது. சிப்பி ஓடுகளை அடுக்கினாற்போல் கூரை போட்ட, புகழ்பெற்ற அந்த வெள்ளைக் கட்டடம் பக்கத்திலேயே நகர்ந்து போனது. ஆயிரம் படங்களில் பார்த்ததை நேரில் பார்க்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஆஸ்திரேலியப் பெண்மணி, "இனி நீந்தியா போகப் போறீங்க? காத்து வாங்குங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பிஸ்கட்டை நீட்டினார். வாங்கித் தின்றேன். வேறு என்ன செய்வது?

திரும்பி வந்து சேர்ந்தபோது கூட்டம் பாதி முடிந்திருந்தது. எங்கள் ஊரில் அந்த அளவு தாமதமாகப் போனால் மைக் சோதனை நடந்துகொண்டிருக்கும். சிறப்பு விருந்தினர் வந்து, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி முடிவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். இங்கே விளக்குமில்லை, பொன்னாடையுமில்லை. சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, சொன்ன வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் இருந்த பெண் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "உங்கள் முறை போய்விட்டது. கடைசியில் நேரம் இருந்தால் பேசலாம்" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆனால் கடைசி ஆளாக ஆனதில் ஒரு நன்மை, மற்றவர்கள் பேசுவதைக் கேட்க முடிந்தது. பேசியவர்கள் யாரும் தங்கள் பெருமையில் தொடங்கவில்லை. ஜன்னலோரம் ஒரு நீள மேசை போட்டிருந்தது. பேச வருகிறவர் முதலில் தன் பையிலிருந்து உடைந்துபோன ஒரு பொருளை எடுத்து அந்த மேசையில் வைக்கிறார். எப்படி உடைந்தது என்று சொல்கிறார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அது அவர்கள் கூட்டத்தின் வழக்கமாம்.

ஒருவர் தேன்கூட்டுக்குள் வைக்கும் சிறு கருவியை வைத்தார். தேனீக்களுக்கு அது பிடிக்காமல் மெழுகும் பிசினும் பூசி மொத்தமாக மூடிவிட்டன. "அவை எங்களை விடச் சுத்தமாக வேலை செய்கின்றன" என்றார். ரெகுலா வைத்தது அவருடைய ஈரமானியை. ஒயரெல்லாம் குதறப்பட்டிருந்தது. இந்த ஊர்க் காக்கட்டூ கிளிகளின் கைங்கரியம். "சுவிட்சர்லாந்தில் பனியை யோசித்தோம், வெயிலை யோசித்தோம். கிளியை யோசிக்கவில்லை" என்று சொல்லி, அந்தக் குதறிய கருவியைக் குழந்தையைக் காட்டுவது போலத் தூக்கிக் காட்டினார். அறையே சிரித்தது. பிறகு நாலைந்து பேர் மேசையைச் சுற்றி நின்று, கிளி கடிக்காத ஒயருக்கு எதைச் சுற்றலாம் என்று உண்மையாகவே விவாதித்தார்கள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கள் ஊரில் உடைந்ததைப் போட்டியாளர் கண்ணில் காட்டுவதா? அது தற்கொலை அல்லவா?

என் முறை வந்தது. நான் கொண்டுபோன எங்கள் பெட்டியில், ஷெட்டில் பூஜை போட்ட சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. அதை ரசித்தார்கள். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒல்லியான, கம்பளி ஸ்வெட்டர் போட்ட ஒரு மனிதர் பென்சிலை உயர்த்தினார். அவர்தான் உர்ஸ்.

"மேசையில் நீங்கள் எதுவும் வைக்கவில்லையே" என்றார்.

"வைக்க எதுவுமில்லை. இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை" என்றேன். கைதட்டலுக்குக் காத்திருந்தேன். கைதட்டல் வரவில்லை. உர்ஸ் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"சந்தோஷம். ஓடுகிற ஒன்றைப் பார்க்க ஆசை. பொள்ளாச்சி ரொம்ப தூரமோ?" என்றார்.

எனக்கு நாக்கு எப்போதும் புத்திக்கு ஒரு அடி முன்னால்தான் போகும். "பொள்ளாச்சி எதற்கு? மெல்போர்னிலேயே ஒன்று ஓடுகிறது. என் கல்லூரித் தோழன் வீட்டில், மழைநீர்த் தொட்டி மோட்டாரில். ஒரு வருஷமாக" என்றேன். "நல்லதாகப் போயிற்று. நாளை மறுநாள் நாங்கள் மெல்போர்னில்தான் இருப்போம்" என்றார் ரெகுலா.

மதியச் சாப்பாடு ரொட்டி, சீஸ், ஆப்பிள். சைவக்காரிக்கு அது போதும் என்றாலும் நாக்கு கேட்கவில்லை. பருப்புப் பொடியைப் பிரித்து சீஸ் மேல் தூவிக்கொண்டேன். உர்ஸ் எட்டிப் பார்த்து, தனக்கும் கொஞ்சம் கேட்டார். சாப்பிட்டுவிட்டு, "காரம் பிடித்திருக்கிறது, வாயில் ஒட்டுவது பிடிக்கவில்லை" என்றார். பல நிறுவனங்களில் பணம் போட்ட மனிதர், தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். எங்கள் ஊரில் முதலீட்டாளர் வருகிறார் என்றால் ஃபைல் தூக்க ஒருவர், கார்க் கதவைத் திறக்க ஒருவர் வருவார்கள்.

யாருக்குப் பணம் போடுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டரில் காட்டுகிற படம் எல்லோருடையதும் அழகாகத்தான் இருக்கும். உடைந்ததைக் கேட்டால், அவர்கள் தங்கள் பொருளை எவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கள் நாடு ரொம்பச் சின்னது. மறைத்து வைக்க இடம் கிடையாது" என்றும் சொன்னார். அதை எழுதி ஷெட்டில் ஒட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாக்கியம் எனக்குத்தான் என்று அப்போது தோன்றவில்லை.

அன்று மாலை மெல்போர்னில் இருக்கும் அந்தத் தோழன் கணேசனுக்குப் போன் செய்தேன். "பெட்டி நல்லா ஓடுதில்ல?"

"அதுக்கென்ன, சூப்பரா ஓடுது."

"நாளன்னிக்கு சுவிஸ்காரங்க அதைப் பார்க்க உன் வீட்டுக்கு வர்றாங்க."

மறுமுனையில் எதையோ தட்டிவிட்ட சத்தம் கேட்டது. பிறகு, "வரட்டும், வரட்டும். பிரியா சாம்பார் வைப்பா" என்றான். பிரியா அவன் மனைவி.

மறுநாள் விமானத்தில் மெல்போர்ன். கணேசன் மதுரைக்காரன், இங்கே சாஃப்ட்வேர் வேலை. வீடு டார்னெய்டில். நகரின் மேற்குப் பக்கம் வயல்வெளியாகக் கிடந்த இடமெல்லாம் புது வீடுகள். எல்லாம் ஒரே அச்சு. தன் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த தெருவில் காரை நிறுத்திவிட்டு, "இது நம்ம வீடு இல்ல" என்று சிரித்தான். வழியில் பார்த்த கடைப் பலகைகளில் பாதி நம் ஊர் மளிகை, மீதி வீட்டுக் கடன். இறங்கியதும் நான் ஓடிப் போய்ப் பார்த்தது கொல்லைப்புறச் சுவரில் எங்கள் பெட்டியைத்தான். துடைத்துப் பளபளவென்று மாட்டியிருந்தது. பக்கத்தில் பாத்தி கட்டி வெந்தயக்கீரையும் பச்சை மிளகாயும் போட்டிருந்தான். கடல் கடந்து வந்தும் நம்ம பெட்டி நின்று வேலை செய்கிறதே என்று எனக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்த கணேசன் அவசரமாக உள்ளே போய்விட்டான்.

அடுத்த நாள் ரெகுலாவையும் உர்ஸையும் அழைத்து வர நகரத்து ரயில் நிலையத்துக்குப் போனேன். காரில் கூட்டிப் போகிறேன் என்று கணேசன் சொன்னதற்கு, இந்த ஊர் மக்கள் எப்படிப் போகிறார்களோ அப்படியே வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆசையைக் கெடுப்பானேன். அன்றைக்குப் பார்த்து அந்தத் தடத்தில் ரயில் இல்லை, பதிலுக்கு பஸ். பலகையில் பஸ் இதோ வருகிறது என்று காட்டியது. காட்டிக்கொண்டே இருந்தது. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுவிஸ்காரர்களிடம் ரயில் நேரத்தைப் பற்றிப் பேசுவது கல்யாண வீட்டில் தங்கத்தின் விலை பேசுவது மாதிரி, ஆரம்பித்தால் முடியாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் இருவரும் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

ஆரஞ்சுச் சட்டை போட்டு வழிகாட்டிக்கொண்டிருந்த ஒருவர் என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, தமிழோ?"

"ஆமாங்க."

"அந்த போர்ட்டைப் பாத்துக்கொண்டு நிக்காதையுங்கோ. அது சும்மா காட்டும். இந்தப் பக்கம் பஸ் இப்ப வராது. அங்கால மற்ற வாசலில ஒண்டு வெளிக்கிடப் போகுது. வாங்கோ, காட்டி விடுறன்."

நடந்துகொண்டே பேசினார். பெயர் சிவம், ஊர் முல்லைத்தீவுப் பக்கம். "நான் அகதியா போட்டில வந்தனான் அக்கா. கன வருஷமாச்சு. இன்னும் டெம்பரறி விசாதான். அதுவும் இந்த போர்ட் மாதிரித்தான், வருது வருது எண்டு காட்டும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் என்ன சொன்னார் என்று உர்ஸ் கேட்டார். பலகையைப் பற்றிச் சொன்னதை மட்டும் மொழிபெயர்த்தேன். உர்ஸ் நின்று, திரும்பி, சிவத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இன்றைக்கு எங்களுக்கு உண்மையைச் சொன்ன முதல் ஆள் நீங்கள்" என்றார். "ஓம், ஓம்" என்று வெட்கப்பட்டுக்கொண்டு சிவம் எங்களை ஏற்றிவிட்டார்.

கணேசன் வீட்டில் வரவேற்பெல்லாம் பலமாக இருந்தது. காபி, முறுக்கு. ரெகுலா முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே நேராகக் கொல்லைக்கு நடந்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"தொட்டியைக் காலி செய்யலாமா? வற்றியதும் இது நிறுத்துவதைப் பார்க்க வேண்டும்."

"அதுக்கென்ன, பண்ணிடலாம்" என்றான் கணேசன். குழாயைத் திறந்துவிட்டு, மோட்டாரைப் போட்டுவிட்டு, "கார் நிக்கிற ஷெட்டுல கொஞ்சம் வேலை" என்று நழுவினான். நாங்கள் மூவரும் நின்றோம். மோட்டார் ஓடியது. கீரைப் பாத்தியெல்லாம் குளமாயிற்று. தண்ணீர் அடி காணும்போது மோட்டாரின் சத்தம் மாறும், இருமல் வந்தவர் மாதிரி. அந்த இருமல் கேட்டது. அடுத்த கணம் மோட்டார் நின்றது.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பார்த்தீர்களா" என்றேன்.

ரெகுலா மோட்டாரைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதில் விளக்கே எரியவில்லையே. நிறுத்தியது யார்?" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். பெட்டியிலிருந்து கீழே வந்த ஒயர் மோட்டாருக்குப் போகவில்லை. சுவரோரம் ரோஜாத் தொட்டிக்குப் பின்னால் ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தது. ஷெட்டின் கதவிடுக்கில் கணேசனின் கை, சுவிட்சின் மேல்.

சமையலறை ஜன்னலிலிருந்து பிரியாவின் குரல் வந்தது. "போதுங்க, சொல்லிடுங்க. அக்கா, அது குளிர்காலத்துலயே செத்துப் போச்சு. நீங்க வர்றீங்கன்னுதான் முந்தாநாள் எடுத்து மாட்டினாரு."

மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. பூமி பிளந்து உள்ளே போகக் கூடாதா என்று இருந்தது. எல்லாம் முடிந்தது, கோவை ஷெட்டுக்குப் பூட்டு வாங்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், உர்ஸ் ஸ்வெட்டரின் கையை மடித்து விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்க்கவில்லை.

"ஸ்க்ரூ டிரைவர் இருக்குமா?" என்றார்.

சுவிஸ்காரர் பாக்கெட்டில், பல கருவிகளை மடக்கி வைத்த அந்தப் புகழ்பெற்ற சிவப்புக் கத்தி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அது இருந்தது கணேசனிடம். எங்கோ விமான நிலையத்தில் வாங்கியதாம். தலையைக் குனிந்துகொண்டு கொண்டு வந்து கொடுத்தான்.

புல்தரையில் துண்டை விரித்து அதன் மேல் பெட்டியைப் பிரித்தார்கள். மூடியைத் திறக்கவே ரெகுலா சிரமப்பட்டார். அவ்வளவு இறுக்கமான ரப்பர் விளிம்பு. எங்கள் ஊரில் மோட்டார்ப் பெட்டிக்குப் பெரிய எதிரி பல்லி. உள்ளே புகுந்து, தானும் செத்து, பெட்டியையும் சாகடிக்கும். எறும்பும் புகாதபடி அடைத்துவிட்டோம் என்பது எங்கள் பெருமைகளில் ஒன்று. உள்ளே பல்லியும் இல்லை, எறும்பும் இல்லை. இணைப்புகள் மேல் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் காய்ந்த தடம்.

"குளிர் ராத்திரியில் உள்ளே இருக்கிற காற்று வியர்க்கும். நீங்கள் இவ்வளவு நன்றாக மூடிவிட்டதால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லை" என்றார் ரெகுலா. குரலில் கேலி இல்லை. "எங்களுக்கும் முதல் வருஷம் இதேதான். காற்று மட்டும் போய்வருகிற சின்ன அடைப்பான் ஒன்று இருக்கிறது. நான் தருகிறேன்."

உர்ஸ் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலைப்பாடு நன்றாக இருக்கிறது. மற்றவை எப்படி உடைகின்றன?"

"மற்றது எதுவும் உடையவில்லை. புகாரே வந்ததில்லை."

"புகார் வரவில்லையா? அல்லது யாரும் சொல்லவில்லையா?"

நான் கணேசனைப் பார்த்தேன். அவன் கீரையைப் பார்த்தான்.

உர்ஸ் சொன்னது இதுதான்: "உடைந்த பெட்டி ஒரு டஜன் எனக்கு அனுப்புங்கள். எல்லாம் ஒரே மாதிரி உடைந்திருந்தால் ஒரு மருந்து போதும். வேறு வேறு மாதிரி என்றால் வேறு பேச்சு. அதைப் பார்த்துவிட்டு தோட்டத்தில் வைப்போம். உங்களிடம் உடைந்ததே இல்லை என்றால் நான் இதில் இறங்க மாட்டேன்."

சாப்பிட உட்கார்ந்தோம். பிரியா முருங்கைக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல், ரசம், அப்பளம் எல்லாம் செய்திருந்தாள். ரெகுலா எல்லாவற்றையும் சுவைத்துவிட்டு, "பொரியல் பிரமாதம், இன்னும் வேண்டும். ரசம் எனக்குப் புளிப்பு அதிகம், வேண்டாம்" என்றார். நான் அவசரமாக ரசக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினேன். பிரியாவோ முகம் மலர்ந்து, இருந்த பொரியல் முழுவதையும் அவர் தட்டில் தள்ளினாள். "இது எவ்வளவு நிம்மதியா இருக்கு பாருங்க அக்கா. நம்ம ஆளுங்க எல்லாமே நல்லாருக்குன்னு சொல்லிட்டு, பாதிய தட்டுல வெச்சிட்டுப் போவாங்க. எது பிடிச்சுது, எது பிடிக்கலைன்னு கடைசி வரை தெரியாது" என்று என்னிடம் சொன்னாள்.

அவர்களை வண்டியேற்றிவிட்டு வந்ததும் நான் கணேசனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அவங்க முன்னாடி என் மானம் போச்சு."

"எப்படிச் சொல்றது சுமதி? வேலைய விட்டுட்டு இதையே கட்டிக்கிட்டு அழுற. செத்துப் போச்சுன்னு எந்த வாயால சொல்றது?"

"அதுக்குப் பேசாம இருப்பியா?"

"ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். டிஸ்ப்ளே கொஞ்சம் மங்கலா இருக்குன்னேன், ஞாபகம் இருக்கா? மாசக்கணக்குல நீ போனே எடுக்கல. உன்கிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க. நீ முகத்தை அப்படி வெச்சுக்குவ."

பிரியா கொண்டுவந்து வைத்த காபியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தோம்.

மறுநாள் சமாதானக் கொடி மாதிரி கணேசன் காரை எடுத்தான். த பேசின் என்ற ஊரில், மலையடிவாரத்தில் பிள்ளையார் கோவில் இருக்கிறது, போய் வரலாம் என்றான். மெல்போர்னின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. சமவெளி முடிந்து யூகலிப்டஸ் மரங்கள் நெருங்கி வர வர, ஊட்டிப் பாதையில் மேட்டுப்பாளையம் தாண்டியது மாதிரி மூக்கில் ஒரு வாசனை. பிள்ளையார் முன்னால் நின்றபோது வழக்கமாக வேண்டுவதுபோல "எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்" என்று வாய்க்குள் வந்துவிட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். இப்போது எனக்கு வேண்டியது குறைதான், அதுவும் ஒரு டஜன். இந்த வேண்டுதலை அவரிடம் எப்படி வைப்பது என்று தெரியாமல் ஒரு கும்பிடு மட்டும் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் நின்று பொள்ளாச்சிக்குப் போன் போட்டேன். அங்கே காலை நேரம். முத்துசாமியண்ணன் எங்களுடைய முதல் வாடிக்கையாளர். பெரிய தென்னந்தோப்பு. அவரைப் பார்த்துத்தான் மற்ற தோட்டக்காரர்கள் வாங்கினார்கள். ஊருக்கு யாரைக் கூட்டி வந்தாலும் அவர் தோட்டத்தில்தான் காட்டுவேன்.

"ஏனுங்ணா, சுமதி பேசறேன். பொட்டியெல்லாம் எப்படி ஓடுது?"

"அதுக்கென்னுங்க அம்மிணி, சூப்பரா ஓடுதுங்க. ஒரு குறையில்லீங்க."

கணேசன் சொன்ன அதே சொல், அதே சூப்பர். முன்பெல்லாம் இந்த இடத்தில் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுவேன். இந்த முறை வைக்கவில்லை.

"அண்ணா, எனக்கு ஓடறது வேண்டாம். உடைஞ்சதுதான் வேணும். உடைஞ்சதைக் கொடுத்தாத்தான் என் கம்பெனி நிக்கும். நான் கோவிச்சுக்க மாட்டேன், வருத்தப்படவும் மாட்டேன். பிள்ளையார் கோவில் வாசல்ல நின்னு கேக்கறேன்."

தோட்டத்தில் மயில் ஒன்று அகவியது. அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"நெசமாவே உடைஞ்சதுதான் வேணுங்களா?"

"ஆமாங்ணா."

"அப்டீன்னா எங்கூட்டு அட்டாலிலயே, பரண் மேல, ரெண்டு கெடக்குதுங்க அம்மிணி. போன மழைக்கே நின்னு போச்சுங்க. நீங்க ஆளைக் கூட்டிட்டு வர்ற அன்னிக்கு மட்டும் எடுத்து மாட்டி வெப்போமுங்க."

நான் பையில் பேனாவைத் தேடினேன். கணேசன் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருந்த வேலைய விட்டுப்போட்டுப் பாடுபடற புள்ள, மனசு நோகக் கூடாதுன்னு ஆரும் சொல்லிக்கலீங்க. எங்க சம்பந்தி தோட்டத்துல ஒண்ணு. கெழக்கால வளவுல இருக்கற சுப்பண்ணன்கிட்ட ஒண்ணு, அதுல எலி கடிச்சுப் பூந்துருச்சுங்க. உடுமலைக்காரரு ரெண்டு பேரு, பத்திரமா சாக்குல கட்டி வெச்சிருக்கறாங்க..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு பெயரும் என்னிடம் "சூப்பர்" என்று சொன்ன பெயர். சில பேர் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். வலித்தது, நன்றாகவே வலித்தது. உர்ஸ் கேட்ட டஜன் எப்போதோ தாண்டிவிட்டது.

அண்ணன் மூச்சு வாங்க நிறுத்தினார்.

"இன்னும் இருக்குதுங்க அம்மிணி. சொல்லட்டுங்களா, போதுங்களா?"

"சொல்லுங்ணா" என்றேன்.